ஆறாத குளிர்

கிரனோபிளில் இரவு இரண்டே கால்.
இசேர் ஆற்றுக்கும் திராக் ஆற்றுக்கும் நடுவே
ஒரு கட்டடத்தின் நிலவறையில்
லூதிவின் ஷபேர்
காந்தப்புலத்தை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

பம்பு மூச்சு வாங்குகிறது.
உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை,
கடைசி உறைக்குள் ஒரு படிகம்.
தேன்நிறம். துவரம்பருப்பு அளவு.
டிஸ்ப்ரோசியம், டைட்டானியம், ஆக்சிஜன்.
அரைக் கெல்வினுக்கும் கீழே.

அங்கே சட்டம் ஒன்றுதான்.
ஒவ்வொரு நான்முகியின் மூலைக்கும் ஓர் அம்பு;
இரண்டு உள்ளே பார்க்க வேண்டும்,
இரண்டு வெளியே.
எந்த இரண்டு என்று சட்டம் சொல்லவில்லை,
அதனால் ஒழுங்கு உண்டு, வரிசை இல்லை.
பெல்தோன் மலைமேல் இப்போது விழும் பனியிலும்
ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும்
இரண்டு ஹைட்ரஜன் அருகே, இரண்டு தள்ளி.
சுழற்பனி என்ற பெயர்
அங்கே வாங்கிய கடன்.

ஓர் அம்பு புரண்டால்
இந்த வீட்டில் மூன்று உள்ளே,
அடுத்த வீட்டில் மூன்று வெளியே.
காந்தத்தை எத்தனை முறை ஒடித்தாலும்
துண்டுக்குத் துண்டு இருமுனைதான் என்று
பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பொய்யில்லை.
ஆனாலும் இங்கே
வடக்கு தனியே நடக்கிறது,
தெற்கு தனியே.

நடப்பது யாரும் இல்லை.
அம்புகள் நின்ற இடத்திலேயே புரள்கின்றன;
நகர்வது கணக்கின் பிழை மட்டும்.
வதந்தியைப் போல, என்று எழுதி அடித்துவிட்டேன்.
வதந்தி போகப்போகப் பெருக்கும்.
இது எடுத்த எடையோடே போகிறது,
வந்த வழியில் புரட்டிப்போட்ட அம்புகளைப் பார்த்து
இதுதான் தடம் என்று
எவராலும் விரல் வைக்க முடியாது.

திரையில் கோடு இறங்குகிறது.
முதல் சில நிமிடம் சரசரவென்று.
பிறகு, கடன் கொடுத்தவன் படியிறங்குவதுபோல.
பிறகு அதுவும் இல்லை.

தமிழில் ஒரு வசதி:
சூடும் ஆறும், காயமும் ஆறும், மனசும் ஆறும்.
இந்தப் படிகத்துக்கு அந்த அகராதி செல்லாது.
குளிரக் குளிர
ஆறுவது தள்ளிப்போகிறது.
பிழை பிறக்கவே கொஞ்சம் வெப்பம் வேண்டும்,
பிழை அலைந்தால்தான்
அணைத்த புலத்தின் நினைவு கலையும்.
பிழை அற்றுப்போன இடத்தில்
பழைய திசையையே பார்த்தபடி
எல்லாம் சரியாக நிற்கின்றன.

காவலர் ராபாஹ் டார்ச்சோடு வந்தார்.
"என்ன நடக்கிறது?"
"ஒன்றும் நடக்கவில்லை. மிக மெதுவாக."
சிரித்துக்கொண்டே
கோட்டுப்பையிலிருந்து ஒரு கிளெமெந்தைன் எடுத்து
தோல் உரிக்கத் தொடங்கினார்.

அவள் சொன்னாள்:
"வேகமாகக் குளிரவைத்தேன், மாட்டிக்கொண்டன.
ஒரு வடக்கும் ஒரு தெற்கும்
அடுத்தடுத்த வீட்டில் இருக்கும்.
சேர்ந்தால் இரண்டும் தீர்ந்துபோகும்.
ஆனால் நடுவில் உள்ள அம்பு தப்பான பக்கம் பார்க்கிறது.
அதைப் புரட்டினால் சமாதானம் இல்லை,
இரட்டைப் பகை.
ஊரைச் சுற்றித்தான் வந்து சேரவேண்டும்.
சுற்றிவரச் சூடு இல்லை."

"எத்தனை நாள் அப்படி?"
"என் ஹீலியம் தீரும்வரை எனக்குத் தெரியும்."

அவர் சுளைகளை எண்ணினார். ஒன்பது.
ஐந்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு
எஷிரோலில் தன் மாடிப்படியைப் பற்றி
ஏதோ சொல்ல வந்தவர்போல நின்று,
சாவிக்கொத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

கோடு இன்னும் சுழியைத் தொடவில்லை.
அடுக்கேற்ற வளைவு எதிலும் அது அடங்காது என்று
அவளுக்குத் தெரியும்,
ஆய்வுக்கட்டுரையின் நான்காம் அத்தியாயம்
அந்த அடங்காமையை நம்பித்தான் இருக்கிறது.

தூக்கம் கண்ணைச் சொருகிய நேரத்தில்
கோடு ஒருமுறை துள்ளியது.
எழுந்து உட்கார்ந்தாள்.
கடிகாரம் பார்த்தாள்.
கிளெமெந்தைன் வாசம் ஏறிய விரலால்
பேனா பிடித்து
ஏட்டில் எழுதினாள்:

5.04. முதல் ட்ராம்.
கணக்கில் சேர்க்க வேண்டாம்.